இசை பிறக்கும் ஊர்களுக்குப் போவோம்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் இசை கேட்க எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால், மார்கழியில் சென்னைக்குப் போங்கள் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் 2017இல் இசைக்காகவே இடம்பிடித்த ஊர் அது. சபாக் கச்சேரிகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த மேடைக்கு வரும் வாத்தியங்கள் எந்த மரத்தில், எந்த மண்ணில், யார் கையில் உருவாகின்றன என்று போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தப் பயணத்துக்குத்தான் உங்களை அழைக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்யும் ஊர். உலவு என்கிற குழல் பகுதிக்கு ஆச்சா மரம் வேண்டும். புதிதாக வெட்டியது உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், ஆண்டுக்கணக்கில் காய்ந்து இறுகிய உத்தரமும் தூணும்தான் சரிப்படும். ஒரு குடும்பத்துக்குக் கூரை தாங்கிய மரம், இன்னொரு குடும்பத்தின் கல்யாணத்தில் கெட்டிமேளத்தோடு ஒலிக்கிறது! அடியில் அணசு என்கிற விரிந்த பகுதி, வாய் வைக்கும் இடத்தில் சீவாளி. சீவாளிக்கான நாணலும் காவிரிக் கரையில் விளைவதுதான்.

பக்கத்திலேயே திருவாவடுதுறை, நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். அவர் காலம்வரை புழங்கிய திமிரி நாகஸ்வரம் குட்டையானது, சுருதி கூடியது. அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிய நீளமான பாரி நாகஸ்வரத்தைத்தான் இன்று நாம் பரவலாகக் கேட்கிறோம். வாசித்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். செய்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை. 2022இல் இந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் இதைச் செய்யும் குடும்பங்களை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே போனால் பட்டறைக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாருங்கள்.

தஞ்சாவூரில் வீணை, பலா மரத்தில். ஒரே மரத்தில் குடைந்தெடுப்பதை ஏகாண்ட வீணை என்பார்கள். பெரிய கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

அப்புறம் திருவையாறு. தை மாதத்தையொட்டி வரும் தியாகராஜர் ஆராதனையில் அவருடைய பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 1847இல் மறைந்த அந்தக் கர்நாடக இசை மேதைக்கு அங்கே கோயில் எழுப்பியவர் தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர் தன் செல்வத்தைக் கொட்டிக் கட்டிய சன்னதியிலேயே பெண்கள் பாட அனுமதி இல்லாமல் இருந்தது. அவர் ஒதுங்கிப் போகவில்லை. பெண்களுக்கென்று தனியாகவே ஆராதனை நடத்தினார். இன்று அங்கே ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து பாடுகிறார்கள் என்றால், அதில் அவருடைய பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தியாகராஜர் சமாதிக்கு எதிரே நாகரத்தினம்மாளின் சிலையும் இருக்கிறது. கூட்டத்தில் அதைக் கவனிக்காமல் வந்துவிடாதீர்கள்.

தெற்கே போனால் வைகைக் கரையில் மானாமதுரை, மண்பானை வாத்தியமான கடத்துக்குப் பேர்போன ஊர். அதையும் தாண்டி நெல்லை, குமரிப் பக்கம் போகிறவர்கள் கோயில் கொடை என்கிற ஊர்த் திருவிழா நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். வில்லுப்பாட்டைக் கேட்க அதுதான் சரியான இடம். அந்தச் சாமியின் கதையை அந்தச் சாமியின் முன்னால், அந்த ஊர்க்காரர்களுக்காகப் பாடுவார்கள். டிக்கெட் கிடையாது, தரையில் இடம் பிடித்து உட்காரவேண்டியதுதான்.