கீட்டனைச் சாய்த்தது ஒப்பந்தம்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ஹாலிவுட் மௌனப்பட நாயகன் பஸ்டர் கீட்டனின் வீழ்ச்சிக்குக் காரணம் ஸ்டுடியோவா, சொந்த வாழ்க்கையா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் குடி என்றார், விவாகரத்து என்றார், பெற்ற பிள்ளைகளே அப்பா பெயரை இழந்தார்கள் என்றார். அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. 1932இல் மனைவி நடாலி டால்மேஜ் விவாகரத்து வாங்கினார். மகன்கள் இருவரும் அம்மா வீட்டுப் பெயருக்கு மாறினார்கள். குடியும் உண்மை. ஆனால் நண்பர் வருஷக் கணக்கைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போய்விட்டார். நான் அதை மட்டும் பார்க்கிறேன்.

திருமணம் நடந்தது 1921இல். இரண்டாவது மகன் பிறந்தது 1924இல். அதன் பிறகு தம்பதிக்குள் ஒட்டுதல் இல்லை; ஒரே வீட்டில் தனித்தனி அறை. எதிரணியின் கணக்குப்படி கீட்டன் அப்போதே படுத்திருக்க வேண்டும். மனுஷன் அதே 1924இல் 'ஷெர்லாக் ஜூனியர்', 'தி நேவிகேட்டர்' என்று இரண்டு படங்கள் தந்தார். முதல் படத்தில் தண்ணீர்த் தொட்டிக் குழாயின் வேகத்தில் தண்டவாளத்தில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்ததே பல வருஷம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. 1926இல் ஆரிகன் மாநிலத்துக் காட்டேஜ் குரோவ் அருகே, 'தி ஜெனரல்' படத்துக்காக நிஜ ரயில் எஞ்சினைப் பாலத்தோடு ஆற்றில் இறக்கினார். வீட்டில் நிம்மதி கெட்டபின் செய்த வேலை ஐயா இது!

குடும்பச் சிக்கல் அவருடைய மூளையைக் கெடுத்தது என்கிறீர்களே, 1927இல் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் நடந்த ஷூட்டிங்கைப் பாருங்கள். படம் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்'. புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே அவர் மேல் சாயும். மாடி ஜன்னல் ஓட்டைக்குள் அவர் நின்றபடி பிழைப்பார். முதலில் சுவரின் சட்டத்தைக் கீல் போட்டு நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு அதைத் தரையில் படுக்க வைத்து, கீட்டனை நடுவில் நிறுத்தி, அவரைச் சுற்றியே ஜன்னலைக் கட்டினார்கள். தலைக்கு மேல் இரண்டு அங்குலம், தோளுக்கு இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம், குதிகாலுக்குப் பின்னால் இரண்டு அங்குலம்: இடைவெளி அவ்வளவுதான். குதிகால் படும் இடத்தில் பெரிய ஆணிகள் அடித்து அடையாளம் வைத்தார்கள். சுற்றிலும் ராட்சத விசிறிகள் புயலடித்துக்கொண்டிருந்தன. அந்தக் காற்று சுவரின் முகப்பில் பட்டால் சுவர் முறுக்கிக்கொண்டு வேறு இடத்தில் விழும். அதனால் சுவரைக் கனமாகக் கட்டி, காற்றையும் அதில் படாமல் ஒதுக்கினார்கள். டூப் கிடையாது, ஒரே டேக். புத்தி பேதலித்தவன் போடுகிற கணக்கா இது?

சரி, அப்படிப்பட்டவர் எங்கே சறுக்கினார்? இங்கேதான் குடும்பம் வருகிறது, ஆனால் நண்பர் சொன்ன வழியில் அல்ல. கீட்டன் பெயரில் இருந்த கம்பெனியில் கீட்டனுக்குப் பங்கே இல்லை. சம்பளமும் லாபத்தில் ஒரு பகுதியும் உண்டு. சொத்து தயாரிப்பாளர் ஜோசப் ஸ்கெங்க் கையில். ஜோசப் யார்? நடாலியின் அக்கா நார்மாவின் கணவர். அதாவது சகலை! 'தி ஜெனரல்' போட்ட காசை எடுக்கவில்லை, அடுத்தவையும் கை கொடுக்கவில்லை என்றதும் சகலை கடையை மூடிவிட்டு, எம்.ஜி.எம். என்ற பெரிய ஸ்டுடியோவுக்குப் போ என்றார். எம்.ஜி.எம்.மின் தாய்க் கம்பெனிக்குத் தலைவர் நிக்கோலஸ் ஸ்கெங்க், ஜோசப்பின் தம்பி. அனுப்பியவர் அண்ணன், வாங்கியவர் தம்பி. 1928இல் வாரம் 3,000 டாலர் சம்பளத்தில் கையெழுத்து விழுந்தது. வாழ்க்கையிலேயே செய்த பெரிய தப்பு அதுதான் என்று பின்னாளில் கீட்டனே சொன்னார்.

அவருடைய தொழில்முறை என்ன? ஸ்கிரிப்ட் கிடையாது. தொடக்கமும் முடிவும் கிடைத்தால் போதும், நடுப்பகுதி தானே வரும் என்பார். யோசனை நின்றுபோனால் மொத்த யூனிட்டும் பேஸ்பால் ஆடும். எம்.ஜி.எம்.மில் ஷூட்டிங்குக்கு முன்பே எல்லாம் தாளில் இருக்க வேண்டும். 'தி கேமராமேன்' வரை கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 1929இல் வந்த 'ஸ்பைட் மேரேஜ்' படத்தைப் பேசும்படமாக எடுக்கலாம் என்று கேட்டார், மறுத்தார்கள். போதையில் துவண்ட மணப்பெண்ணைக் கட்டிலில் கிடத்தப் போராடும் காட்சியைத் தூக்கச் சொன்னார் தயாரிப்பாளர். இன்று அந்தப் படத்தில் ஜனங்கள் நினைவு வைத்திருப்பதே அந்தக் காட்சியைத்தான். பேசும்படம் வந்ததும் அடுத்தவர் எழுதிய வசனம், கூடவே நடிக்க வாய் ஓயாத காமெடியன் ஜிம்மி டுரான்டே. குடி கட்டுமீறிப் போனது இந்த வருஷங்களில்தான். அந்தப் படங்கள் லாபம் தந்தன என்பார் நண்பர். தந்தன. அதனால்தானே கடிவாளத்தை அவர் கையில் திருப்பிக் கொடுக்கவில்லை! 1933இல் வேலையை விட்டே அனுப்பினார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரே ஒரு நிமிஷம். 1940இல் எலினார் நாரிஸைக் கைப்பிடித்தார். 1966இல் கண் மூடும்வரை அந்த மணவாழ்க்கை நீடித்தது. வீடு சரியானது, குடியும் பழைய மாதிரி அவரை ஆட்டிப்படைக்கவில்லை. தொழில்? அதே எம்.ஜி.எம்.மில் அடுத்தவர் படங்களுக்குக் காமெடி யோசித்துச் சொல்லும் வேலை. அங்கே அவர் சேர்ந்தபோது வாரம் 100 டாலர். காமெடியன் ரெட் ஸ்கெல்டனை என்னிடம் விடுங்கள், சின்ன யூனிட்டாகப் படம் எடுக்கிறேன், ஓடும்வரை சம்பளமே வேண்டாம் என்று கேட்டும் ஸ்டுடியோ அசையவில்லை. அடுத்து வரும் எதிரணி நண்பரைக் கேட்கிறேன்: வீடு உடைந்ததால்தான் கீட்டன் விழுந்தார் என்றால், வீடு சேர்ந்த பிறகு இருபத்தைந்து வருஷத்தில் தன் இஷ்டப்படி ஒரு முழுநீளப் படம்கூட அவரால் ஏன் எடுக்க முடியவில்லை? அதற்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, அப்புறம் அந்தப் பாட்டிலைத் திறக்கட்டும். நன்றி, வணக்கம்.