எஸ்எம்ஆர் 10, எஸ்எம்ஆர் 20: எந்த கிரேடு உசத்தி?

(திரையில்: பாடாங் செராய் பக்கம் ரப்பர் வாங்குற கடை. தராசு மேல கட்டிப்பால், அதாவது மரத்துக் கிண்ணத்துலயே உறைஞ்ச ரப்பர் பால்.)

எஸ்எம்ஆர்னா மலேசியத் தர ரப்பர் (Standard Malaysian Rubber). எஸ்எம்ஆர் 10, எஸ்எம்ஆர் 20. இதுல எது உசத்தி? 20-ன்னு சொன்னவங்க கட்டாயம் இந்த வீடியோவை முழுசாப் பாருங்க. ஏன்னா அந்த 20, அழுக்கோட அளவு!

எஸ்பிஎம் பரீட்சையில ஏ பிளஸ் மேல, ஜி கீழ. அது எல்லா வீட்டுக்கும் தெரியும். புகை போட்ட ஷீட்டுக்கு ஆர்எஸ்எஸ் 1-லேர்ந்து 5 வரைக்கும் கிரேடு, 1 தான் முதல் தரம். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, குமிழி, புள்ளி, பூஞ்சை இருக்கான்னு கண்ணாலயே பார்த்துப் பிரிப்பாங்க.

1965-ல மலேசியா எஸ்எம்ஆர் முறையைக் கொண்டுவந்து, கண்ணளவை விட்டுட்டு சோதனைக்கூட அளவுக்குப் போச்சு.

(திரையில்: சல்லடை, நெருக்கத்தில்.)

எப்படி அளக்கறாங்க? ரப்பர் துண்டை கரைப்பான்ல போட்டு சூடாக்கிக் கரைச்சு, 44 மைக்ரான் சல்லடையில வடிகட்டுறாங்க. ரப்பர் ஓடிடும். மணலும் பட்டைத் தூளும் சல்லடையில நின்னுடும். அதைக் காய வச்சு எடை போடுறாங்க. 0.05 சதவீதத்துக்குள்ள இருந்தா எஸ்எம்ஆர் 5. 0.10-க்குள்ள இருந்தா 10. 0.20-க்குள்ள இருந்தா 20. புள்ளியைத் தூக்கிட்டா கிரேடு பேரு வந்துடுச்சு, பாருங்க!

இதுல அழகான விஷயம் என்னன்னா, பின்னாடி வரம்பை இறுக்கிட்டாங்க. 10-க்கு 0.08, 20-க்கு 0.16. பேரு மட்டும் பழசுதான். ஒரு பேல், அதாவது அழுத்திக் கட்டின ரப்பர் கட்டி, 33.33 கிலோ. அப்போ எஸ்எம்ஆர் 20 பேல்ல அதிகபட்சம் ஏறக்குறைய 53 கிராம் அழுக்கு இருக்கலாம், ஒரு கோழிமுட்டை எடை. எஸ்எம்ஆர் 10-ல அதுல பாதி. அதுக்காக 20-ஐ மட்டமா நினைக்காதீங்க. டயர் கம்பெனிங்க நம்பி வாங்குறது அதைத்தான், அது வர்றதும் நம்ம கட்டிப்பால்லேர்ந்துதான்.

அழுக்கு மட்டும் போதாது. ரப்பரை 140 டிகிரியில 30 நிமிஷம் வச்சு, அதோட இளகும் தன்மை எத்தனை சதவீதம் மிஞ்சுதுன்னு பார்க்கறாங்க. 20-க்கு குறைஞ்சது 40, 10-க்கு குறைஞ்சது 50 இருக்கணும்.

பால் வெட்டுறவங்க இதை கவனமா கேளுங்க. கிரேடு கெடுறது ஆலையில இல்ல, பால் பிடிக்கிற மங்குலயே ஆரம்பிக்குது. கனமான மணல் கழுவினா ஓரளவு போயிடும். பட்டைச் சீவல் அப்படியில்ல, ரோலர்ல நசுங்கித் தூளாகி ரப்பருக்குள்ளயே புதைஞ்சுடும். அதனால வெட்டுறதுக்கு முன்னாடி, பழைய வெட்டுல காஞ்சு ஒட்டியிருக்கற ஒட்டுப்பாலை உரிச்சுத் தனியா வைங்க, சீவல் மங்குல விழ விடாதீங்க. பால் உறைய பார்மிக் அமிலம் போடுங்க. கலக்கும்போது அமிலத்தைத்தான் தண்ணியில ஊத்தணும், தண்ணியை அமிலத்துல ஊத்தக்கூடாது. கட்டிப்பாலை உரச்சாக்குல கட்டாதீங்க. சாக்கு நார் பிரிஞ்சு ஒட்டினா எத்தனை தடவை கழுவினாலும் போகாது. தரையில கொட்டாம பலகை மேல அடுக்குங்க, தண்ணி வடியும். எடை கூடட்டும்னு தண்ணியில ஊறப் போட்டா காய்ந்த ரப்பர் சதவீதம் இறங்கும், கூடவே விலையும் இறங்கும்.

பாமாயில் தர்ற செம்பனை போட்டவங்க கோவிச்சுக்காதீங்க, உங்க கிரேடு எண்ணிக்கையில இருக்கு. குலையில பழம் உதிர்ந்த புது குழி குறைஞ்சது 10 இருந்தா பழுத்த குலை. அதுக்குக் கீழன்னா அரைப்பழம். ஒண்ணுகூட உதிராம கருப்பா இருந்தா காய், மில்லுல திருப்பி அனுப்பிடுவாங்க. காம்பு 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் கழிவு போடுவாங்க.

உங்க ஊர் கடையில கட்டிப்பாலுக்கு எத்தனை சதவீதம் கழிக்கறாங்க? காரணம் சொல்றாங்களா? ஊர் பேரோட கமெண்ட்ல போடுங்க, பக்கத்து ஊர்க்காரங்க ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.