எட்டு நுங்கு, ஐந்து வகுப்பு

[காட்சி: தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி என்னும் செம்மணல் மேட்டுப் பகுதியில் ஓர் ஈராசிரியர் பள்ளி. வெளியே பனை மரங்கள்.]

60 பிள்ளைகள் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு, 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இரண்டு ஆசிரியர்களையே வகுத்துள்ளது. அவர்களில் ஒருவர் பயிற்சிக்குச் சென்றுவிட்டால், ஐந்து வகுப்பும் மற்றவர் பொறுப்பில் வந்து சேரும். ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கையில் மற்ற நான்கும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் நடப்பது. அதற்கு மாற்றாக, ஒரே கருப்பொருளை எல்லா வகுப்புக்கும் பொதுவாக வைத்து, அதிலிருந்து பல பாடங்களைப் பிரித்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் நிறுத்திப் பாடங்களை அதனோடு இணைத்ததுதான்.

[காட்சி: சீவிய எட்டு நுங்குகள்.]

ஜூன் மாதம், கருப்பொருள் பனை. ஒன்றாம் வகுப்பு நுங்கின் கண்களை எண்ணுகிறது. ஆறு காய்களில் மும்மூன்று, இரண்டில் இரண்டிரண்டு என்று மூன்றாம் வகுப்பு பெருக்கிக் கூட்டி 22 என்கிறது. ஒரு காய்க்குச் சராசரி எத்தனை கண் என்ற கேள்வி ஐந்தாம் வகுப்புக்கு உரியது. 22ஐ எட்டால் வகுத்து இரண்டே முக்கால் என்று எழுதிய பின், முக்கால் கண் உள்ள காய் எங்கே இருக்கிறது என்று ஒருவராவது கேட்பார். அந்தக் கேள்விக்குக் கால்மணி நேரம் ஒதுக்கலாம். சராசரி என்பது என்னவென்று அங்கேதான் விளங்குகிறது.

சில மரங்கள் காய்ப்பதே இல்லையே என்பதில் அறிவியல் தொடங்குகிறது, ஏனெனில் பனையில் ஆண் மரமும் பெண் மரமும் வேறுவேறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள் என்பதை மூத்த பிள்ளைகள் ஆராய, பனையேறும் தாத்தாவிடம் கேட்டு வந்ததை இளையவர்கள் சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதுகிறார். அதுவே மறுநாள் அவர்களின் வாசிப்புப் பாடம்.

ஆனால் எல்லாவற்றையும் பனையில் கட்டித் தொங்கவிடக் கூடாது. எழுத்தறிதலும் கணக்கின் அடிப்படைச் செயல்களும் படிப்படியாக ஏறுபவை. அவற்றுக்கு தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதுபோல நிலைவாரியான தனி நேரம் நாள்தோறும் வேண்டும். வகுத்தல் கணக்குக்குப் பனைமரப் படம் வரைந்துவிட்டால் அது ஒருங்கிணைப்பு ஆகிவிடாது, வெறும் அலங்காரம்தான்.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று முதல் மூன்று வகுப்புகள் ஒரே அறையில் இருந்தால், இந்த ஆண்டு பனை படித்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அடுத்த ஆண்டும் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பாள். ஆகவே கருப்பொருள்கள் திரும்ப வராதபடி அந்த அறைக்கு மூன்றாண்டுச் சுழற்சியும், நான்கு ஐந்தாம் வகுப்பு அறைக்கு ஈராண்டுச் சுழற்சியும் முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டும்.

[காட்சி: பள்ளி வளாகத்தில் மணல் பாத்தி.]

ஆவணியில் பழம் உதிரும்போது கொட்டைகளைச் சேர்த்து, எண்ணிப் பாத்தியில் புதைக்கிறார்கள். தை பிறக்கும் முன் கிழங்கைத் தோண்டி, ஒன்றாம் வகுப்பு சாணாலும் ஐந்தாம் வகுப்பு அளவுகோலாலும் அளக்கின்றன. புதைத்தவற்றில் எத்தனை முளைக்கவில்லை என்பது பின்னக் கணக்கு. முளைத்த கொட்டையைப் பிளந்தால் உள்ளே பஞ்சுபோல் இருக்கும், தின்னச் சுவையான தவுண், கணக்கு முடியும்வரை மிஞ்சுவதில்லை.