கழற்றியதை மாட்டும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

கார் ரிப்பேர் என்றதும் பெரிய வேலைகளை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். என்ஜினைப் பிரிக்கிறார்கள், கியர்பாக்ஸை இறக்குகிறார்கள் என்றால் வண்டிக்காரருக்குத் தூக்கம் வராது. பட்டறைக்குப் பத்து தரம் போன் செய்வார். ஆயில் மாற்ற வேண்டும், பிரேக் பேடு போட வேண்டும் என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மோட்டார் மெக்கானிக் பிரிவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நான் பார்த்து வருவது இதற்கு நேர்மாறு. பெரிய வேலை என்றால் மெக்கானிக்கும் உதறலோடுதான் கை வைப்பார், ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்ப்பார். அரை மணி நேர வேலையில்தான் விஷயம் கெட்டுப்போகிறது. அதிலும் கழற்றும்போது கெடுவது குறைவு. திரும்ப மாட்டும்போது, முடிந்துவிட்டது என்று நினைக்கிற அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் கெடுவதுதான் அதிகம்.

ஆயில் சர்வீஸையே எடுத்துக்கொள்வோம். ஆயில் ஃபில்டர் என்பது கைக்கு அடக்கமான ஒரு தகர டப்பா. அதன் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஃபில்டரை என்ஜினில் திருகும்போது அந்த வளையம் அமுங்கி உட்கார்ந்து எண்ணெய் கசியாமல் அடைக்கிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் சூட்டில் கிடந்தால் ரப்பர் இறுகி, என்ஜின் பக்கமே ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது பழைய ஃபில்டரைத் திருகி எடுத்தால் டப்பா மட்டும் கையோடு வரும். வளையம் மேலேயே நின்றுவிடும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு, கறுத்த எண்ணெய் வழிகிற இடத்தில் கறுப்பு வளையம் கண்ணில் படாது. அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரைத் திருகினால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம் ஆகிவிடும். கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். ஸ்டார்ட் செய்து பார்த்தால் சில சமயம் ஒரு சொட்டுகூட ஒழுகாது.

சாலையில் வேகம் எடுக்கும்போது எண்ணெயின் அழுத்தம் ஏறும். இரண்டு வளையங்களில் ஒன்று பிதுங்கி வெளியே வந்துவிடும். சின்னக் காரின் என்ஜினில் மொத்தமே சுமார் 3 லிட்டர் எண்ணெய்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனையும் தார் ரோட்டில் கொட்டிவிடும். டேஷ்போர்டில் எண்ணெய்க் குப்பி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். 'காலையில்தானே ஆயில் மாற்றினோம், சென்சார் ஏதோ தப்பாகக் காட்டுகிறது' என்று நினைத்து வீடு வரை ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு வருவதற்குள் பேரிங் கருகி என்ஜின் சுற்ற முடியாமல் இறுகி நின்றுவிடும். நேயர்களே, அந்தச் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால் அடுத்த திருப்பம் வரைகூடப் போகாதீர்கள். ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். மெக்கானிக்குக்கு நான் சொல்வது இன்னும் சின்ன விஷயம். கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் போடுவதற்கு முன் திருப்பி அதன் வாயைப் பாருங்கள். வளையம் அங்கே இருந்தால் சரி, இல்லையென்றால் அது மேலே இருக்கிறது.

அதே சர்வீஸில் இன்னொன்று, அடியில் எண்ணெயை இறக்கிவிடும் போல்ட். இப்போது பல கார்களில் அந்த எண்ணெய்த் தொட்டி அலுமினியம். போல்ட்டோ இரும்பு. 'ஒழுகிவிடக் கூடாதே' என்ற நல்ல எண்ணத்தில்தான் பையன் முழு பலத்தையும் போட்டு இறுக்குகிறான். அதற்குத் தேவையான விசை, ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையைத் தொங்கவிடும் அளவுதான். அதற்கு மேல் போனால் அலுமினிய மரை நைந்துவிடும். உடனே தெரியாது. அடுத்த சர்வீஸில் வேறு யாராவது கழற்றும்போது மரை போல்ட்டோடு சுருள் சுருளாக வரும், பழி அவர் தலையில் விழும். ஒழுகாமல் இருக்க வேண்டுமானால் புது வாஷர் போட வேண்டும். பலத்தைக் கூட்டுவதால் பயனில்லை. வாஷரின் விலை சில ரூபாய்.

இனி வீல் நட். பஞ்சர் கடையிலும் நடக்கிற தவறு என்பதால் இதை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வண்டி ஜாக்கியில் நிற்கும்போது நட்டுகளைக் கையால் திருகி, ஸ்பேனரால் லேசாகப் பிடிக்கவைத்து, பிறகு சக்கரம் தரையில் பதிந்ததும் எதிரெதிராக மாற்றி மாற்றி முழு இறுக்கம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில்தான் போன் அடிக்கும், இல்லை இன்னொரு வண்டி வந்து நிற்கும். ஜாக்கியை இறக்கியாயிற்று, சக்கரம் நேராக உட்கார்ந்திருக்கிறது, மேலே பிளாஸ்டிக் வீல் கப்பை ஒருவர் வந்து தட்டி மாட்டிவிடுகிறார். இனி நட்டு யார் கண்ணுக்கும் தெரியாது. சில கிலோமீட்டரில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் வரும், ஸ்டியரிங் ஆடும். ரோடு சரியில்லை என்று நினைத்தபடி ஓட்டிக்கொண்டே போவோம். அந்தச் சத்தம் வந்தால் நின்று, இறங்கி, நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். நட்டுகளை ஒழுங்காக இறுக்கிய வண்டியிலும் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே மாட்டிய துருவும் மண்ணும் ஓட்டத்தில் நசுங்கி இடம் கொடுத்துவிடும். அப்புறம், அடுத்த முறை சுலபமாகக் கழற்றலாம் என்று போல்ட்டில் எண்ணெய் தடவும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அது வேண்டாம். எண்ணெய் பட்ட மரை அதே பலத்தில் அளவுக்கு மீறி இறுகி, போல்ட்டை இழுத்து நீட்டிவிடும்.

பிரேக் வேலையில் சின்னத் தவறு என்று ஒன்று கிடையாது. புது பிரேக் பேடு பழையதைவிடத் தடிமனாக இருக்கும். அதற்கு இடம் செய்ய, பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளுகிறோம். எல்லாம் மாட்டியபின் பெடலைப் பல முறை மிதித்து, அந்த பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொட்டுப் பிடிக்கும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. மறந்து வண்டியை எடுத்தால் முதல் மிதிக்குப் பெடல் அப்படியே தரைக்குப் போகும், வண்டி நிற்காது. பட்டறை வாசலிலேயே எதிரில் நிற்கும் ஆட்டோவில் இடித்த கதை மெக்கானிக்குகளிடம் கேட்டால் ஊருக்கு ஒன்று கிடைக்கும். வாசலில் இடித்தது அதிர்ஷ்டம். சரிவில் இறங்கும்போது அப்படி ஆனால் என்ன செய்வது?

பிரேக் ஆயிலில் நடக்கிற தவறு இன்னும் மெதுவானது. சிறு பட்டறைகளில் மிச்சமான எண்ணெயைப் பழைய பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள், மேலே எதுவும் எழுதியிருக்காது. அவசரத்தில் ஒரு கை அளவு பவர் ஸ்டியரிங் ஆயில் பிரேக் டப்பாவுக்குள் போய்விட்டால் அன்று ஒன்றும் தெரியாது. பிரேக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருகும் வகை. சில நாளில் பெடல் கல்லாகும், மிதித்த பிரேக் விடாது, சக்கரம் சூடேறும். அதற்குப் பிறகு ரப்பர் உள்ள பாகம் அத்தனையும் மாற்றியாக வேண்டும். பாட்டிலில் பெயர் எழுத ஒரு மார்க்கர் பேனா போதும்.

அடுத்து, என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் நான் நேரம் எடுத்துச் செய்து காட்டுகிற ஒன்றைச் சொல்கிறேன். கிளட்ச் பிளேட் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய கார். வேலை சுத்தமாக முடிந்தது. ஆனால் ஸ்டார்ட் செய்தால் மோட்டார் சோம்பலாகச் சுற்றுகிறது. பேட்டரி போய்விட்டது என்று புதுசு வாங்கிப் போடுகிறார்கள். அப்படியே இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கிறார்கள், அதில் குறை இல்லை. திடீரென்று ஆக்சிலரேட்டர் கேபிளில் இருந்து லேசாகப் புகை. காரணம் எங்கே என்றால், கியர்பாக்ஸை பாடியோடு இணைக்கும் எர்த் ஒயர். இறக்கும்போது கழற்றி ஓரமாகத் தள்ளிய அந்தப் பின்னல் பட்டையை மாட்டவில்லை. என்ஜின் ரப்பர் தாங்கிகள்மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். வந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வழி தேடி, என்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய இரும்புக் கேபிளில் புகுந்து ஓடுகிறது. கேபிள் கொதிக்கிறது. பேட்டரி கடைக்கு ஓடும் முன் ஒரு ஜம்ப்பர் ஒயரை எடுத்து பேட்டரியின் மைனஸிலிருந்து நேராக என்ஜின் இரும்பில் பிடித்துப் பாருங்கள். மோட்டார் துள்ளிக்கொண்டு சுற்றினால் எர்த் ஒயர்தான் குற்றவாளி.

இந்த மாதிரித் தவறு படிக்காத பையன்களிடம்தான் நடக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயின் நாட்டு மலாகாவுக்குக் கிளம்பியது. 17,000 அடி உயரத்தைத் தாண்டியபோது விமானியின் முன் கண்ணாடி பெயர்ந்து பறந்தது. விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள், அந்த விமானியும்கூட. விசாரணையில் தெரிந்தது இதுதான்: அந்தக் கண்ணாடியை அப்போதுதான் மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்களில் 84 போல்ட்கள் தேவையான விட்டத்தைவிட சுமார் 0.66 மில்லிமீட்டர் மெல்லியவை. மாற்றியவர் அனுபவமுள்ளவர். கழற்றிய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு, 'இதுதான்' என்று எடுத்திருந்தார்.

நம் பட்டறைகளில் பழைய போல்ட் போட்ட தகர டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். அதைக் கிளறி எடுக்கும்போது நாமும் அதையேதான் செய்கிறோம். 12 மில்லிமீட்டர் வீல் நட்டிலேயே மரைக்கு மரை இடைவெளி 1.25, 1.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு புழக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டால் ஓரிரண்டு சுற்றுப் போய் நிற்கும். அங்கே ஸ்பேனரால் அழுத்தினால் மரை போயிற்று. முதல் சில சுற்றைக் கையால் திருகுங்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்வது இதற்காகத்தான்.

என் வகுப்பில் சில கட்டுப்பாடுகள் உண்டு. வேலைக்கு நடுவில் எழுந்து போனால், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. இரண்டு மூன்று போல்ட் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். முழுதாக இறுக்கிய போல்ட்டின் தலையிலும் அதன் அடியிலும் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு. கோடு இல்லாத போல்ட் இறுக்காத போல்ட். என்ஜினின் காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைத்தால் துணியில் பாதி வெளியே தொங்க வேண்டும். பனியன் வேஸ்டைச் சுருட்டி உள்ளே திணித்துவிட்டு மேலே மூடியைப் போட்டு முடுக்கிய என்ஜின்கள் உண்டு. மாட்டியவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர்.

பட்டறை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் வாங்கப் பல ஆயிரம் செலவழிக்கிறீர்கள், நல்லது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் அதைவிட மலிவு, அது பல இடங்களில் இல்லை. பதினெட்டு வயதுப் பையனின் கையை நம்பி நான்கு சக்கரத்தை விடுகிறோம். தவறு நடந்தால் அவன் சம்பளத்தில் பிடிக்கிறோம். அவன் கையில் அந்தக் கருவியைக் கொடுத்திருந்தால் அந்தத் தவறே நடந்திருக்காதே.

வண்டிக்காரர்களும் கொஞ்சம் உதவ வேண்டும். சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் 'ஆச்சா, ஆச்சா' என்று வாசலில் நின்று நெருக்காதீர்கள். முடிந்தால் மறுநாள் காலையில் எடுங்கள். எடுக்கும்போது பானெட்டைத் திறந்து வைத்து என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, குனிந்து அடியில் பாருங்கள். கிளம்பும் முன், நின்ற இடத்திலேயே பிரேக்கை மிதித்துப் பாருங்கள். வீல் நட்டை உங்கள் எதிரிலேயே ஒருமுறை இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். மறுநாள் காலை வண்டியை எடுத்தபின், அது நின்ற தரையில் சொட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டாமல் பட்டறைக்குப் போன் செய்து வரச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.