பூட்ஸ் துடைத்தவருக்கும் ஒரு சிலை

நடுவர் அவர்களே, வணக்கம். ஓய்வு பெற்ற கால்பந்து வீரருக்கு மைதான வாசலில் சிலை வைப்பது தேவையா, வீண் வேலையா என்பது தலைப்பு. தேவை என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் இருக்கிற சிலைகளையெல்லாம் பேச்சாலேயே உடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், சில்லுகளைப் பொறுக்கவே எனக்குப் பாதி நேரம் போய்விடும் போலிருக்கிறது.

அவருக்கு அதிகம் கைதட்டல் கிடைத்த ஸ்லாட்டன் கதையிலிருந்தே தொடங்குகிறேன். சுவீடனின் மால்மோ நகரில், மைதானத்துக்கு வெளியே 2019 அக்டோபரில் அந்த ஊர்க் கால்பந்து வீரர் ஸ்லாட்டன் இப்ராகிமோவிச்சுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள், அடுத்த மாதமே அவர் ஸ்டாக்ஹோமில் இருக்கும் போட்டிக் கிளப்பான ஹம்மர்பியில் பங்கு வாங்கினார், சொந்த ஊர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை, முதலில் மூக்கை அறுத்தார்கள், 2020 ஜனவரியில் கணுக்காலோடு அறுத்துச் சாய்த்தே விட்டார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஐயா, தலைப்பில் ‘ஓய்வு பெற்ற’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது உங்கள் கண்ணில் படவில்லையா? ஸ்லாட்டன் ஓய்வை அறிவித்தது 2023 ஜூனில். சிலை வைத்தபோது ஆள் ஆடிக்கொண்டிருந்தார்! நீங்கள் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறது. (தன் பழைய வீரர் தியரி ஹென்றிக்கும் லண்டன் கிளப்பான ஆர்சனல் அவசரப்பட்டு 2011 டிசம்பரிலேயே சிலை வைத்தது. அப்போது வேறு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த அவர் அடுத்த மாதம் தற்காலிகக் கடனாகத் திரும்பி வந்து லீட்ஸுக்கு எதிராக கோல் போட்டார், வெளியே வெண்கல ஹென்றி மண்டியிட்டிருக்க உள்ளே அசல் ஹென்றி ஓடிக்கொண்டிருந்தார். அந்த அவசரம் அதிர்ஷ்டமாக முடிந்தது, அவ்வளவுதான்.)

சரி, முகம் ஒத்துவரவில்லை என்றார். ஒத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 2007இல் அந்த ஊர்க் கிளப்பின் பழைய வீரரும் மேனேஜருமான டெட் பேட்ஸுக்கு வைத்த முதல் சிலையில் கால்கள் குட்டையாகிப்போய், ரசிகர்கள் கொதித்து, சில நாட்களிலேயே அதை இறக்கிவிட்டு மறு ஆண்டு வேறு வைத்தார்கள். மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் இருக்கும் அகுவெரோ சிலையைப் பார்த்து இது ஜெர்மனி வீரர் டோனி க்ரூஸ் போலிருக்கிறது என்று ஊரே சிரித்தது, க்ரூஸே அதில் சேர்ந்துகொண்டார். ஆனால் அந்தச் சிலையின் கையைப் பாருங்கள், சட்டையைக் கழற்றிச் சுழற்றுகிறது. 2012 மே 13, கடைசி ஆட்டம், 93ஆவது நிமிடம் தாண்டி அகுவெரோ போட்ட கோல், 44 வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம். அந்தச் சுழலும் சட்டையைப் பார்த்த சிட்டி ரசிகர் எவரும் இது யார் என்று கேட்கமாட்டார். முகம் தப்பினாலும் அந்த நொடி தப்பவில்லை.

பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவருக்கு மட்டும் ஏன் என்றும் கேட்டார். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் பெஸ்ட், லா, சார்ல்டன் என்று மூன்று பேரைத் தோளில் கை போட்டு நிற்க வைத்திருக்கிறார்களே, போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 2023 அக்டோபரில் பாபி சார்ல்டன் இறந்த செய்தி வந்ததும் ஜனங்கள் எங்கே போனார்கள்? அவர் வீடு எது என்று யாருக்குத் தெரியும்? பூவையும் ஸ்கார்ஃபையும் எடுத்துக்கொண்டு அந்தச் சிலைக்குத்தான் போனார்கள். 2014 ஜனவரியில் போர்ச்சுகல் வீரர் யூசேபியோ இறந்தபோதும் லிஸ்பனில் பென்ஃபிகா மைதான வாசலில் இருந்த அவருடைய சிலையைச் சுற்றித்தான் ஸ்கார்ஃபும் கொடியும் பூவும் குவிந்தன. கோலை யூடியூபில் பார்க்கலாமே, சிலை எதற்கு என்கிறார் தலைவர். யூடியூபில் கோலைப் பார்க்கலாம், பூ வைக்க முடியுமா?

கடைசியாகப் பணம். அந்தக் காசுக்கு நாலு பிள்ளைகளுக்குப் பந்து வாங்கித் தரலாம் என்றபோது அரங்கமே உருகிவிட்டது, நானும் கொஞ்சம் உருகினேன். அதற்கு ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜாக் லெஸ்லி. அப்பா ஜமைக்காக்காரர், பிறந்தது லண்டன். பிளைமவுத் ஆர்கைல் கிளப்புக்காக ஏறக்குறைய 400 ஆட்டம், 137 கோல். 1925இல் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு, ‘உன்னை இங்கிலாந்து அணிக்கு எடுத்திருக்கிறார்கள்’ என்று சொல்கிறார். ஊரெல்லாம் கொண்டாட்டம். அப்புறம் பட்டியல் வருகிறது, பெயர் இல்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, ஆனால் தன் தோல் நிறம் தெரிந்துபோனதுதான் காரணம் என்று பிற்காலத்தில் லெஸ்லியே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு இங்கிலாந்து அவரைக் கூப்பிடவே இல்லை. இங்கிலாந்து சீனியர் அணிக்கு ஒரு கறுப்பின வீரர், விவ் ஆண்டர்சன், ஆடியது 1978 நவம்பரில்தான். எண்ணிப் பாருங்கள், 53 வருடம். அதையும் உயிரோடு இருந்து பார்த்தார் லெஸ்லி.

ஓய்வுக் காலத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? வெஸ்ட் ஹாம் கிளப்பின் பூட்ஸ் அறையில் வேலை. சேறு அப்பிய பூட்ஸைத் துடைத்து அடுக்கி வைப்பார். இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்த பாபி மூரின் பூட்ஸும் அதில் உண்டு. 2007இல் மூருக்கு லண்டன் வெம்பிளி மைதான வாசலில் சிலை வந்துவிட்டது, யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பூட்ஸ் துடைத்தவர் 1988இலேயே போய்விட்டார், அவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

2020இல் ரசிகர்கள் அவருக்குச் சிலை வைக்க வசூலில் இறங்கினார்கள். அரசாங்கப் பணம் அல்ல, பிள்ளைகளின் பந்துக் காசும் அல்ல தலைவரே. மனசு வந்தவர்கள் போட்ட பணம், ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 2022 அக்டோபரில் பிளைமவுத் கிளப்பின் ஹோம் பார்க் மைதானத்துக்கு வெளியே சிலை எழுந்தது. மறு ஆண்டு, இங்கிலாந்துக்கு ஆடுபவருக்கு அடையாளமாகத் தரும் தொப்பி, 1925இல் தராத அந்தத் தொப்பியை இங்கிலாந்து கால்பந்து சங்கம் அவர் குடும்பத்திடம் கௌரவமாகக் கொடுத்தது. வசூலுக்காக நாலு பேர் அந்தப் பெயரை உரக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தொப்பி வந்திருக்குமா?

நடுவர் மணியைத் தொடுகிறார், தெரிகிறது. எதிரணியிலிருந்து அடுத்து எழுபவர் ஸ்லாட்டன் மூக்கை விட்டுவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: ஹோம் பார்க் வாசலில் இருக்கும் அந்தச் சிலையை எடுக்கச் சொல்கிறீர்களா, வேண்டாமா?