செக்‌ஷன் நம்பர் சொன்னா சேனலை மாத்திடறாங்க
(அரூர்ல ஒரு கூட்டத்துல பேசுனது, பேசுன மாதிரியே)

எல்லாருக்கும் வணக்கங்க. இன்னைக்கு நான் திட்டப்போறது அரசாங்கத்தையும் இல்ல போலீசையும் இல்ல, சாயந்திரம் டிவில உக்காந்து பேசுறாங்களே அவங்களத்தான். கட்சிக்காரங்கள விட்டுருங்க, அவங்க பொழப்பு அது. மூத்த பத்திரிகையாளர், அரசியல் விமர்சகர்னு பேருக்கு கீழ போட்டு வருவாங்களே, அவங்க. யாரையோ ஊபால, அதான் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துல, கைது பண்ணிட்டாங்கன்னு வைங்க, விவாதத்துக்கு வந்த வக்கீல் அந்தச் சட்டத்தோட 43டி பிரிவுன்னு வாயைத் திறந்தாலே போதும், "சார் அது டெக்னிக்கல், இதுல எலக்‌ஷன்ல யாருக்கு லாபம்னு சொல்லுங்க"ங்கறாரு நெறியாளர். விமர்சகரும் அதுக்குத்தான் காத்துகிட்டிருந்த மாதிரி எந்த ஓட்டு எங்க போகும்னு ஆரம்பிச்சுடறாரு.

அந்த டெக்னிக்கல் என்னன்னா, போலீஸ் தாக்கல் பண்ணுன பேப்பரை பார்த்து குற்றச்சாட்டுல முகாந்திரம் இருக்குன்னு கோர்ட்டுக்கு பட்டாலே ஜாமீன் கிடையாது, அவ்வளவுதான். சாதாரண கேஸ்ல 60 இல்ல 90 நாள்ல குற்றப்பத்திரிகை போடணும், இதுல 180 நாள் வரைக்கும் இழுக்கலாம். இந்தப் பிரிவு 2008 டிசம்பர்ல, மும்பை தாக்குதல் நடந்த சூட்டுல கொண்டு வந்தது. நம்ம திருச்சிப் பக்கத்து பாதிரியார் ஸ்டேன் சாமி, 80 வயசைத் தாண்டுனவரு, கை நடுங்கற பார்க்கின்சன் நோயாளி, 2020 அக்டோபர்ல இதே ஊபால பிடிச்சாங்க, ஜாமீனுக்கு அலைஞ்சு அலைஞ்சு 2021 ஜூலை 5 அன்னைக்கு கைதியாவே செத்துப்போனாரு, விசாரணையே ஆரம்பிக்கல. அவரு ஜெயில்ல தண்ணி குடிக்க உறிஞ்சு குழாய் கேட்டாரே, அது எல்லா சேனல்லயும் வந்துச்சு, வரட்டும், வந்ததால நாலு பேருக்கு தெரிஞ்சுச்சு. ஆனா குழாய் கொடுத்துட்டா நியூஸ் முடிஞ்சுது, அவரை உள்ள வச்சிருந்த பிரிவு அப்படியே இருக்குது.

இது நம்ம ஊர்க் கதைதாங்க. 2002ல பொடான்னு பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இருந்துச்சு ஞாபகம் இருக்கா, ஒரு மேடைப் பேச்சுக்காக வைகோவை ஜூலைல பிடிச்சாங்க, தினமும் பேப்பர்ல வந்தாரு, வரவேண்டியதுதான். அதே வருஷம் நவம்பர்ல ஊத்தங்கரைப் பக்கம் பசங்கள கொத்தா அள்ளிகிட்டு போயி அதே பொடாவைப் போட்டாங்க, அதுல 18 வயசு ஆகாதவங்களும் இருந்தாங்க. அப்ப கிருஷ்ணகிரி தனி மாவட்டம்கூட ஆகல, ஊத்தங்கரை நம்ம தருமபுரி மாவட்டத்துலதான் இருந்துச்சு. அந்தப் பசங்க பேரு இங்க எத்தனை பேருக்கு தெரியும்? 2004ல பொடாவை எடுத்துட்டோம்னு கொண்டாடுனாங்க, அதுல இருந்த பல பிரிவுங்க அதே வருஷம் ஊபாவுக்குள்ள போயி உக்காந்துகிச்சு. இதை அன்னைக்கே விளக்கி சொல்லியிருக்க வேண்டியவங்க யாரு?

வாச்சாத்தி இங்கிருந்து எவ்வளவு தூரம்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. 1992 ஜூன் 20ல வனத்துறையும் போலீசும் ஊருக்குள்ள புகுந்து 18 பொண்ணுங்கள பாலியல் வன்கொடுமை பண்ணுனது, 2011ல தருமபுரி கோர்ட்ல தீர்ப்பு. 269 பேர் மேல கேஸ், அதுக்குள்ள 54 பேர் செத்தே போயிட்டாங்க, மிச்சம் 215 பேருக்கு தண்டனை. தீர்ப்பு அன்னைக்கு கேமரா வண்டி வந்துச்சு. நடுவுல 19 வருஷம் வாய்தா வாய்தான்னு அந்த சனங்க பஸ் ஏறுனப்ப எவனும் வரல, ஏன்னா வாய்தால என்ன விஷுவல் இருக்குது?

இன்னொன்னு, இது எனக்கு ரொம்ப எரிச்சலான விஷயம். குண்டாஸ். லோக்கல் பக்கத்துல மூலைல நாலு வரி, "வாலிபர் குண்டர் சட்டத்தில் கைது, கலெக்டர் உத்தரவு". போலீஸ் கொடுத்த குறிப்பை அப்படியே போடறது. 1982ல வந்த சட்டம், கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம்னு ஆரம்பிச்சு என்னென்னமோ சேர்த்துகிட்டே போறாங்க, 12 மாசம் வரைக்கும் விசாரணையே இல்லாம உள்ள வைக்கலாம், அந்த உத்தரவு சரியான்னு பார்க்கற அறிவுரைக் கழகத்துல வக்கீல் வச்சுக்கற உரிமையும் கிடையாது. பையனுக்கு ஜாமீன் கிடைக்கற நேரமா பார்த்து போடுவாங்க, கேட்டா வெளிய வந்தா பொது அமைதி கெட்டுடும்பாங்க. வீட்டுல நகையை அடகு வச்சு ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு போட்டா நிறைய ஆர்டர் ரத்தாகுது, அரசாங்கத்துக்கு கொடுத்த மனுவை பரிசீலிக்க லேட் பண்ணுனாங்க, கொடுத்த காப்பி படிக்கவே முடியல, இந்த மாதிரி காரணத்துக்கு. அதுக்குள்ள மாசக்கணக்குல போயிடுது. ரத்தான சேதியை அதே மூலைல எப்பயாச்சும் பார்த்திருக்கீங்களா? அக்கம்பக்கத்துல அவன் குண்டாஸ்காரன், அவ்வளவுதான்.

விமர்சகருக்கு இது போர் அடிக்குதுன்னா எனக்கு ஆச்சரியமே இல்ல, அவரு பையனுக்கு யாரும் குண்டாஸ் போடப்போறதில்ல. பார்க்கறவங்க விரும்பறதில்லம்பாங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு கிரிக்கெட் மேட்ச்ல மழை பெஞ்சா இலக்கை மாத்தற டக்வொர்த் லூயிஸ் கணக்கை அரை மணி நேரம் நமக்கு விளக்குனாங்களே, நாமளும் கேட்டமே.

லோக்கல் ரிப்போர்ட்டர் தம்பிங்க ரெண்டு மூணு பேர் பின்னாடி நிக்கறாங்க, உங்கள குத்தம் சொல்லல, நீங்க எழுதி அனுப்புனாலும் டெஸ்க்ல வெட்டறாங்கன்னு எனக்கு தெரியும். ஒன்னு மட்டும் செய்யுங்க, குண்டாஸ் நியூஸ் போட்டா அந்தத் தேதியை குறிச்சு வைங்க, ஆறு மாசம் கழிச்சு அந்தக் குடும்பத்துக்கு ஒரு போன் போடுங்க. சரி, கேள்வி இருந்தா கேளுங்க, மைக்கை அந்த நீலப் புடவை அக்காகிட்ட கொடுங்கப்பா, ரொம்ப நேரமா கை தூக்கிகிட்டு இருக்காங்க.