மாத்திரைக்கு ஒதுக்கிய பணம்: அரசுக்கு மருந்து கொடுப்பவர்களிடம் பேசியது

அனைவருக்கும் வணக்கம். ஆலத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய மருந்து ஆலை நடத்துபவர்களும், ஆய்வகப் பொருள்கள் விற்பவர்களும், கருவி பழுதுபார்ப்பவர்களும் வந்திருக்கிறீர்கள். அரசு மருத்துவமனைகளுக்குச் சரக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா என்பதுதான் உங்கள் கேள்வி. மருந்துக் கிடங்கில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் பதிவானது. அதற்கு முன் ஒவ்வொரு துறையும் தனித்தனியாக மருந்து வாங்கியது. ஒரு இடத்தில் மருந்து தேங்கிக் காலாவதியாகும், இன்னொரு இடத்தில் இருக்கவே இருக்காது. கழகம் வந்தபின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல், பொது டெண்டர், மாவட்டக் கிடங்குகள், பாஸ்புக் என்று ஒரு ஒழுங்கு வந்தது. கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

இதில் பாஸ்புக்கை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். மருந்து வாங்கும் பணத்தை மருத்துவமனையின் கையில் கொடுப்பதில்லை. அந்த ஆண்டுக்கான தொகை பாஸ்புக்கில் வரவாகும், கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்கக் கழியும். நிதியில் 90 சதவீதம் கழகத்தின் வழியாக, மீதி 10 சதவீதம் அவசரத்துக்கு உள்ளூரில் வாங்க என்பது இந்த முறையின் அடிப்படை. அப்படியென்றால் உங்கள் மருந்து எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? டெண்டர் விலையைக் கையெழுத்திடுபவர் மட்டும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இண்டென்ட், அதாவது தேவைப்பட்டியல், எழுதும் மருந்தாளுநரும்தான். அவரிடம் வரும் நோயாளி யார் என்று தெரியாமல் ஆலையில் திட்டம் போட முடியாது.

அந்த நோயாளி மாறிவிட்டார். காய்ச்சலுக்கு வந்து மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போகிறவர் இன்றும் உண்டு. ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம், ஆயுள் முழுக்க, மாத்திரை தேவைப்படுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோவது அரசின் வேலையானது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும்தான் இப்போது முதுகெலும்பு. 2017-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கையும் அரசின் சுகாதாரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆரம்ப நிலைச் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்கிறது. இது சரியான வரிசை என்றே நான் நம்புகிறேன். புதுக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா நடக்கும். தினமும் மாத்திரை போட்டதால் பக்கவாதம் வராமல் தப்பித்தவரை யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவருக்காகத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை சொன்னவர் எல்1. மற்றவர்களும் விரும்பினால் அந்த விலைக்கு இறங்கி வந்து ஆர்டரில் பங்கு பெறலாம். மக்கள் வரிப்பணத்துக்கு இது நல்லதுதான். ஆனால் உற்பத்திச் செலவுக்கும் கீழே விலை போட்டு டெண்டரைப் பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் சில மாதம் சரக்கு வரும், மூலப்பொருள் விலை ஏறியதும் நின்றுவிடும். தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். அபராதத்தை நீங்கள் கட்டிவிடலாம், ஆனால் ஸ்ட்ரிப் இல்லாமல் திரும்பிப் போன அம்மாவுக்கு அந்த அபராதத்தால் எந்தப் பயனும் இல்லை.

தரத்தைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன். 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்தைத் தயாரித்த ஆலை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவீதம் இருந்ததாக நம் மாநில ஆய்வகம் கண்டுபிடித்தது. கரைப்பானாக வரும் ஒவ்வொரு டிரம்மையும் சோதித்திருந்தால் இது நடந்திருக்காது. கழகம் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதை உங்களில் சிலர் தொல்லையாக நினைக்கிறீர்கள். அதை ஒருநாளும் தளர்த்தக் கூடாது. மருந்து ஆலைகளின் உற்பத்தித் தரத்துக்கான திருத்தப்பட்ட ஷெட்யூல் எம் விதிகளுக்கு ஏற்ப ஆலையை மாற்றப் பெரும் பணம் வேண்டும், சிறியவர்களுக்கு அது கஷ்டம் என்பதும் உண்மை. அந்தச் செலவையும் சேர்த்து விலை போடுங்கள்.

இப்போது அரசுத் தரப்பிடம் சொல்ல வேண்டியது. நல்ல ஆலை ஒன்று ஏன் டெண்டருக்கு வராமல் ஒதுங்குகிறது? பெரும்பாலும் பில் பணம் வருவதற்கு ஆகும் தாமதம்தான் காரணம். தர அறிக்கை வந்தபின் பில், அப்புறம் நிதி ஒதுக்கீடு, அப்புறம் கையெழுத்து என்று போகும். சிறியவருக்கு வங்கி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அவர் அடுத்த பேட்ச்சுக்கு மூலப்பொருள் வாங்க முடியாது, கிடங்கில் இருப்புக் குறையும். மருத்துவமனை அந்த 10 சதவீதத்தை எடுத்துக் கூடுதல் விலைக்கு உள்ளூரில் வாங்கும். அதுவும் தீர்ந்தால் வெளியே வாங்கிக்கோங்க என்று சீட்டு எழுதுவார்கள். கூலி வேலைக்குப் போகிற ஒருவர் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக மாட்டார், மாத்திரையை நிறுத்திவிடுவார். அலுவலகத்தில் ஒரு கோப்பு நின்றால் கடைசியில் இதுதான் நடக்கிறது. அதனால் பில் பணத்தை மருத்துவச் செலவாகவே பார்க்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது என்கிறது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. புகார் கொடுக்க வசதியாக்கக் குழுக்களும் இருக்கின்றன. ஆனால் அடுத்த டெண்டரில் முகம் சுளிப்பார்களோ என்று பயந்து பலர் போவதில்லை. அந்தப் பயத்தைத் தனி ஆளாக நின்று உடைக்க முடியாது, சங்கமாகத்தான் முடியும்.

கருவி விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலையோடு பராமரிப்பு ஒப்பந்தத்தையும், ரீஏஜென்ட் எனும் பரிசோதனை ரசாயனச் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரீஏஜென்ட் இல்லாமல் ரத்தம் பரிசோதிக்கும் அனலைசர் ஓடாது.

அடுத்த டெண்டர் அறிவிப்பு வந்ததும் ப்ரீ-பிட் கூட்டத்துக்கு, அதாவது விலை போடுவதற்கு முன் சந்தேகம் கேட்கும் கூட்டத்துக்கு, கட்டாயம் போங்கள். ஒவ்வொரு காலாண்டிலும் உத்தேசமாக எவ்வளவு எடுப்பார்கள், தர அறிக்கை எத்தனை நாளில் வரும், அது வந்த எத்தனையாவது நாள் பணம் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் கேட்டு, ஒப்பந்தத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள்.